கரையிறங்கியவர் நடத்தை: காலிக் கோட்டையை முன்வைத்து ஒரு தேத்தண்ணிக் கடை ஆய்வு

உல்லாசக் கப்பல் பயணி என்பவர் யார்? காலைச் சாப்பாட்டைக் கப்பலில் முடித்து, இராச்சாப்பாட்டுக்குக் கப்பலுக்கே திரும்பி, இடைப்பட்ட பொழுதில் ஒரு தேசத்தின் நானூறு வருஷத்தைப் பார்த்து முடிக்கக் கடமைப்பட்டவர். அவர் எவ்வளவு செலவழிக்கிறார் என்று கணக்குப் போட ஆட்கள் இருக்கிறார்கள். மதிலைப் பார்த்த நேரம் எவ்வளவு, விலை பேசிய நேரம் எவ்வளவு என்ற அடிப்படைக் கேள்விதான் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. அந்தக் குறையைத் தீர்க்க முன்வந்திருக்கும் ஊர் கரடியனாறு.

கடலுக்கும் கரடியனாற்றுக்கும் என்ன சம்பந்தம் என்ற ஆட்சேபம் எழும். செங்கலடியில் பிரிந்து பதுளைக்கு ஏறும் ஏ5 வீதியில், வயலும் மாடுமாக இருக்கும் மட்டக்களப்பு மாவட்டத்து ஊர் அது. கப்பல் வந்ததில்லை, பஸ் வரும். தூரத்துப் பஸ் தேத்தண்ணிக்கு நிற்கையில் இறங்குகிறவர்களைக் கடை வாங்கில் இருந்தபடி பார்த்துப் பார்த்து வகுத்த கோட்பாடு இது: தங்கும் நேரம் குறையக் குறைய, வாங்கும் வடை கூடும். ஒரு மணித்தியாலம் கிடைத்தால் ஆள் ஊரைப் பார்ப்பார். பத்து நிமிஷம் கிடைத்தால் கடையை மட்டும் பார்ப்பார். (கால் மணி நேரம் நிற்கும் பஸ் எதை நிரூபிக்கிறது என்பதில் வாங்கின் இரு முனைகளுக்கும் இன்னும் ஒத்த கருத்தில்லை.) இதைப் பரிசோதிக்க, நாட்டில் காலியை விட்டால் வேறு களமில்லை.

களத்தின் விபரம் சுருக்கமாக: 1588-இல் போர்த்துக்கேயர் அரண் கட்டினார்கள், 1640-இல் ஒல்லாந்தர் பிடுங்கிக்கொண்டு, 1663 வாக்கில் பெரும்பகுதி மதிலை எழுப்பினார்கள், 1796-இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. பதினான்கு கொத்தளம், 52 ஹெக்டேர் பரப்பு, 1988 முதல் யுனெஸ்கோ உலக மரபுரிமை. கடல் வழியாக வருகிறவனை உள்ளே விடக் கூடாது என்று கட்டிய மதில், இன்று கடல் வழியாக வருகிறவனை நம்பி வாழ்கிறது. இந்த முரண்பாட்டைக் கட்டியவர்களிடம் விளக்கம் கேட்க வழியில்லை.

முற்காலத்துப் பயணிகளுக்கு அவசரம் இருக்கவில்லை. காற்று மாறும்வரை துறையில் கிடப்பதுதான் அன்றைய அட்டவணை. இபின் பதூதா 1344-இல் இலங்கைக்கு வந்து, சிவனொளிபாத மலை ஏறி இறங்கி, தேவேந்திரமுனையும் காலியும் பார்த்துப் போனார். அப்போது மதிலும் இல்லை, காந்தம் ஒட்டிய நினைவுப்பொருளும் இல்லை. 1602 மே 31-இல் மட்டக்களப்புக்கு வெளியே நங்கூரமிட்ட ஒல்லாந்தர் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன், கரையிறங்கியதோடு நிற்காமல் உள்நாட்டுக்குள் நடந்து, கண்டியில் விமலதர்மசூரியனைச் சந்தித்த பிறகே கப்பல் ஏறினார். கரைச் சுற்றுலாவில் இவர் சாதனையை எந்தக் கம்பெனியின் பொதியும் இன்னும் தொடவில்லை.

நினைவுப்பொருள் விஷயத்தில் ஒரே விதிவிலக்கு சீனத் தளபதி செங் ஹ. மற்றவர்கள் இங்கிருந்து வாங்கிப் போக, அவர் அங்கிருந்தே கொண்டுவந்து வைத்தார். 1409 என்று தேதியிட்ட அந்தக் கல்வெட்டில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் உண்டு. புத்தருக்கு ஒரு பங்கு, தேவேந்திரமுனைத் தெய்வமான தெனவரை நாயனாருக்கு ஒரு பங்கு, அல்லாஹ்வுக்கு ஒரு பங்கு என்று பொன்னும் வெள்ளியும் பட்டும் வாசனை எண்ணெயும் பாரபட்சமில்லாமல் வரிசை வைத்திருக்கிறார். 1911-இல் கண்டெடுத்தபோது அது காலியில் ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்தது. இப்போது கொழும்பு நூதனசாலையில் இருப்பதால் காலிக்கு வரும் பயணி அதைப் பார்ப்பதில்லை.

நீராவிக் கப்பல் வந்ததும் கோட்பாடு மெய்யாகத் தொடங்கியது. 1840-களில் இருந்து பி அண்ட் ஓ கப்பல்கள் காலியில் நின்றன. சீனத்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போகிறவர்கள் இங்கே கப்பல் மாறினார்கள். நேரம் குறைந்தது, வடை கூடியது: பின்னல் சரிகை, ஆமையோட்டுச் சீப்பு, நீலக்கல், நீலக்கல் போன்ற கண்ணாடி. செய்திக்குப் பயணியைவிட அவசரம். கப்பல் கொண்டுவந்த ஐரோப்பியச் செய்தியை 1850 முதல் ‘அப்சர்வர்’ பத்திரிகை புறாவின் காலில் கட்டிக் கொழும்புக்கு அனுப்பியது. புறா எதையும் வாங்காமல் போன ஒரே பிரயாணி.

1875-இல் கொழும்பில் அலைதடுப்பு மதிலுக்கு அடிக்கல் விழுந்தது. சில வருஷங்களில் கப்பல்கள் அங்கே போய்விட்டன. அதனால் இன்றைக்கு மிதக்கும் மாளிகையில் வரும் பயணிகளில் பலர் கொழும்பில் இறங்கி, தெற்கு அதிவேகப் பாதையால் நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடி, காலி பார்த்து, அதே பாதையால் திரும்புகிறார்கள். அதாவது கப்பல் பயணி கடைசியில் பஸ் பயணி ஆகிவிடுகிறார். கரடியனாற்றுக்கு இதைவிடச் சாதகமான சான்று கிடைக்காது.

உள்ளே போனபின் நடப்பது இது. பழைய வாசலின் உட்புறத்தில் ஒல்லாந்தக் கம்பெனியின் இலச்சினை: இரண்டு சிங்கம், மேலே ஒரு சேவல், 1669 என்ற ஆண்டு. வெளிப்புறத்தில் ஆங்கிலேய முடியின் சின்னம். ஒரே வாசலுக்கு இரண்டு எசமான். இதைத் திரும்பி நின்று பார்க்க வேண்டும். வழிகாட்டியின் குடை முன்னே போய்விடுவதால் ஆட்கள் திரும்புவதில்லை. 1755-இல் எழுந்த ஒல்லாந்தத் தேவாலயத்தில் தரையெல்லாம் கல்லறைக் கற்கள். கால் வைக்கலாமா என்று தயங்குவதற்குள் குடை வெளியேறிவிடும். வெளிச்சவீட்டடியில் படம். பிறகு இரத்தினக் கடை. இங்கே மட்டும் குடை நகராது. “கடைசி விலை எவ்வளவு?” என்ற கேள்வி எல்லாப் பாஷையிலும் ஒரே இராகத்தில் வருகிறது, “மறுகா வந்து வாங்குவம்” என்பதன் ஜெர்மன் வடிவத்தையும் கடைக்காரர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொள்கிறார்.

ஒல்லாந்தர் நிலத்துக்கடியில் போட்ட கழிவுநீர்க் கால்வாயைக் கடல் ஏற்றமே உள்ளே வந்து கழுவிப் போகும். கோட்டையில் மதிலைவிட மூளை செலவான வேலை அதுதான். அதற்கு முன்னால் எவரும் படம் எடுப்பதில்லை.

மதிலும் சும்மா இருக்கவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் வெளியே இருந்த பஸ் நிலையமும் கிரிக்கெட் மைதானமும் சிதைந்தபோது, உள்வீதிகள் பெரும்பாலும் தப்பின. மட்டக்களப்புக் கரைக்கு அப்படி ஒரு மதில் இருக்கவில்லை; இந்த இடத்தில் வாங்கில் பகடி இல்லை.

2023-இல் சென்னையில் இருந்து ‘எம்பிரஸ்’ என்ற உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று சுற்றத் தொடங்கியது. மட்டக்களப்பு பட்டியலில் இல்லை. வாவியின் முகத்துவாரத்து மணல்திட்டுக்குமேல் பெரிய கப்பல் ஏறாது. ஆனால் கோட்டை உண்டு: 1628-இல் போர்த்துக்கேயர் புளியந்தீவில் கட்டி, 1638-இல் ஒல்லாந்தரிடம் இழந்தது. அதற்குள் நெடுங்காலம் நடந்தது மாவட்டக் கச்சேரி. காணிப் பத்திரத்துக்கும் ஓய்வூதியக் கோப்புக்கும் கையொப்பம் வாங்கப் போன கரடியனாற்று ஆட்கள், அந்த மதிலுக்குள் விடியலில் இருந்து பின்னேரம் வரை காத்திருந்திருக்கிறார்கள், அடுத்த கிழமை மறுகாவும் போயிருக்கிறார்கள். ஒல்லாந்தக் கோட்டைக்குள் கழித்த மணித்தியாலக் கணக்கில் அவர்களை விஞ்சிய கப்பல் பயணி எவரும் இல்லை. அவர்கள் அங்கே வாங்கியது முத்திரை மட்டும்.