அட்டைக்கடி: கேள்வி-பதில்

"அட்டை கடிச்சிருச்சு" என்று மலையகத்தில் யாராவது கத்தினால் உப்பையும் சவர்க்காரத்தையும் தேடுவார்கள். இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்தால், கடித்திருப்பது வேறு அட்டை. படம் போட்டது, பளபளப்பானது. யூ-கி-ஓ, போக்கிமோன், மேஜிக் என்று அதில் பல சாதி. கொழுந்து மலை அட்டை காலில் ஏறும். இது சட்டைப்பையில் ஏறும். கடிபட்டவர்கள் கேட்கிறார்கள், நானும் என் பங்குக்குக் கடிக்கிறேன்.

கேள்வி: அண்ணே, கூட்டாளிமார் எல்லாரும் "ரெட்ரோ ஆட்டம்" என்கிறார்கள். புது அட்டை கடையில் கிடக்க, பழசை வைத்து ஏன் விளையாட வேண்டும்?
– ஏ/எல் மாணவர், கொட்டகலை

தம்பி, அட்டை விற்கிற கம்பனி சில மாதத்துக்கு ஒருமுறை புதுசு இறக்கும். புதுசு பழசை விடப் பலமாக இல்லாவிட்டால் யார் வாங்குவான்? அதனால் போன வருஷத்து டிராகன் இந்த வருஷம் பல்லியாகிவிடும். இது அலுத்துப்போன ஆட்டக்காரர்கள் சிலர் கூடி, "இந்தத் திகதிவரை வந்த அட்டைதான் செல்லும், அதற்குப் பிறகு ஒன்றும் உள்ளே வரக்கூடாது" என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். யூ-கி-ஓவில் 2005 ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை இருந்த சட்டத்தை அப்படியே நிறுத்தி வைத்து ஆடுகிறார்கள். மேஜிக்கில் 1995 முதல் 2003 வரை வந்த அட்டைகளுக்கு 'ப்ரீமோடர்ன்' என்று தனி ஆட்டம்.

நம்முடைய 304 சீட்டாட்டத்தை யோசித்துப் பார். தாத்தா ஆடும்போதும் 32 அட்டை, நீ ஆடும்போதும் 32 அட்டை. முப்பத்துமூன்றாவதை விற்க எவனும் லயத்துக்கு வந்ததில்லை. ரெட்ரோ என்பது அதுதான். நாம் அதற்குப் பெயர் வைக்க மறந்துவிட்டோம்.

கேள்வி: அந்த 2005 ஆட்டத்துக்கு 'ஆட்டு ஆட்டம்' என்று பெயராமே? கிண்டலா, நிஜமா?
– நானுஓயா வாசகர்

நிஜம். ஆங்கிலத்தில் 'கோட்' என்றே சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் எல்லார் அட்டைக் கட்டிலும் இருந்த 'ஸ்கேப்கோட்' என்ற அட்டைதான் காரணம். பலியாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் போட்டால் மேசையில் நாலு செம்மறிகள் இறங்கும். பெயர் வெள்ளாட்டுக்கு, வருவது செம்மறி. தேர்தல் கால வாக்குறுதி மாதிரி.

அவற்றின் தாக்கும் பலம் சுழியம். ஆனால் 'மெட்டமோர்ஃபசிஸ்' என்ற அட்டையால் ஓர் ஆட்டைப் பலி கொடுத்தால், 'தௌசண்ட்-ஐஸ் ரெஸ்ட்ரிக்ட்' என்று ஆயிரம் கண்ணுள்ள ஒரு பூதம் வரும். வந்ததும் எதிராளியின் மிருகத்தை இழுத்துத் தன் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். அது நிற்கும்வரை மேசையில் மற்ற எதுவும் தாக்க முடியாது. ஜப்பான்காரர் ஆயிரம் பக்கம் சட்டம் எழுதி இதை விளக்குகிறார். ஆட்டை வெட்டினால் ஆயிரங்கண்ணுடையாள் வருவாள் என்பது நம் தோட்டத்துத் திருவிழாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

கேள்வி: என்னிடம் டிராகன் கட்டு. லயத்துப் பக்கத்துக் காம்பராக்காரனிடம் பிணக் கட்டு. இதுவரை ஆறு ஆட்டம், ஆளுக்கு மூன்று. உண்மையில் எது பெரிசு?
– மஸ்கெலியா வாசகர்

இரண்டும் 2005-இல் கம்பனியே ஒரு கருவை வைத்துக் கட்டி விற்ற கட்டுகள்: 'டிராகன்ஸ் ரோர்', 'சோம்பி மேட்னஸ்'. இந்த இரண்டும் மோதினால் சண்டை மேசையில் நடப்பதாகத் தெரியும். ஆனால் நடப்பது சுடுகாட்டில், அதாவது செத்த அட்டைகள் கிடக்கும் குவியலில்.

உங்கள் பக்கத்து ராசா, 'ரெட்-ஐஸ் டார்க்னஸ் டிராகன்'. பலம் 2400. உங்கள் சுடுகாட்டில் கிடக்கும் ஒவ்வொரு டிராகனுக்கும் இன்னொரு 300 கூடும். அதை இறக்க ஒரு 'ரெட்-ஐஸ்' டிராகனைப் பலி கொடுக்க வேண்டும் என்பதால் முதல் பிணம் தானாகவே விழுந்துவிடும். முன்னால் செத்த 'மாஸ்க்டு டிராகன்' ஒன்றும் சேர்ந்து கிடந்தால் 3000. செத்த சொந்தங்கள்தான் அதன் பலம்.

பக்கத்துக் காம்பராக்காரன் கையில் 'புக் ஒஃப் லைஃப்' இருக்கும். அது ஒரே மூச்சில் இரண்டு வேலை செய்யும்: தன் சுடுகாட்டிலிருந்து ஒரு பிணத்தை எழுப்பும், உங்கள் சுடுகாட்டிலிருந்து ஒன்றை ஆட்டத்தை விட்டே அகற்றும். ஒரு புத்தகம் விழுந்தால் உங்கள் 3000, 2700 ஆகும். இரண்டாவது விழுந்தால் 2400. அவன் எழுப்பிய 'ரியூ கோக்கி' என்ற எலும்புக்கூட்டின் பலமும் சரியாக 2400. மோதினால் இரண்டும் சாகும். அவனுடையது நாளைக்குத் திரும்பி வரும். உங்களுடையது லேசில் வராது.

ஆகவே என் தீர்ப்பு: ஆட்டம் சீக்கிரம் முடிந்தால் நீங்கள், இழுத்தால் அவன். அவன் கைக்குப் புத்தகம் வருமுன் அடியுங்கள். மூன்றுக்கு மூன்று என்பது கட்டுகள் சமம் என்பதற்குச் சாட்சி. ஏழாவது ஆட்டம் ஆளைப் பொறுத்தது.

கேள்வி: கரு எதற்கு? நல்ல அட்டைகளை மட்டும் பொறுக்கி ஒரு கட்டு போட்டால் யாரும் அசைக்க முடியாதே?
– தலவாக்கலை வாசகர்

ஒரே தோட்டத்தில் எத்தனை தொழிற்சங்கம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் கெட்டிக்காரர் உண்டு. எல்லாரையும் ஒரே மேடையில் ஏற்றினால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்திருக்கிறீர்கள்.

இருந்தாலும் நியாயத்தையும் சொல்ல வேண்டும். போட்டியில் வெல்வதே குறி என்றால், பொறுக்கிக் கட்டியதுதான் பல நேரம் வெல்லும். கருக் கட்டின் சுகம் வேறு. கையிலிருக்கும் குறையோடு எப்படி வாழ்வது என்று அது கற்றுத் தரும். பிணக் கட்டுக்காரன் சாவுக்குப் பயப்படாமல் ஆடுகிறான். டிராகன்காரன் சாவை எண்ணிக் கணக்குப் பார்க்கிறான். எல்லார் கட்டும் ஒன்றானால் எல்லார் யோசனையும் ஒன்றாகிவிடும். பிறகு எதற்கு எதிரே ஓர் ஆள்? கண்ணாடி போதுமே.

கேள்வி: மகன் "அட்டை, அட்டை" என்று உயிரை எடுக்கிறான். ஓர் அட்டைக்கு ஒரு நாள் பேரை, அதாவது ஒரு நாள் சம்பளத்தை, கொடுக்கச் சொல்கிறான். என்ன செய்ய?
– ஒரு தாய், பொகவந்தலாவை

அக்கா, ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்காக வருஷக்கணக்கில் கத்தி, 2021-இல்தான் அதைக் கண்ணால் பார்த்த சனம் நாம். பளபளப்புக்காக ஒரு பேர் போட முடியாது என்று மகனிடம் சொல்லுங்கள். கூடவே இன்னொன்றும் சொல்லுங்கள்: பழைய ஆட்டத்தில் அட்டையின் வயதுக்கு மதிப்பில்லை, அதில் எழுதியிருப்பதற்குத்தான் மதிப்பு. அதே அட்டையின் மலிவான மறுபதிப்பும் செல்லும். கூட்டாளிகளுக்குள் ஆடும்போது எல்லாரும் சம்மதித்தால், பழைய காட்ஸ் கட்டின் மேல் துண்டுக் கடதாசி ஒட்டி, பெயரும் பலமும் எழுதினாலே போதும். கம்பனி நடத்தும் போட்டிக்கு அது ஆகாது. மழை நாளில் இஸ்தோப்பில் நடக்கும் போட்டிக்குத் தாராளமாக ஆகும்.

எழுதுகிறபோது பையனின் கையெழுத்தும் திருந்தும். உப்பு, சவர்க்காரம் எதுவும் வேண்டாம்.

கேள்வி: எங்கள் காலத்தில் 304 ஆடினோம். மூளைக்கு வேலை இருந்தது. இது வெறும் பொம்மைச் சண்டை அல்லவா?
– ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை, நுவரெலியா

ஐயா, ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. ஓர் இனத்துக்கு 76, நாலு இனத்துக்கு 304. இந்தக் கணக்கை நான் உங்களுக்குச் சொல்வது கங்காணிக்குக் கொழுந்தைக் காட்டுவது போல. ஆனால் துரும்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு எதிராளியின் முகத்தைப் பார்ப்பீர்களே, இந்தப் பிள்ளைகளும் பொறி அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு அதே மாதிரித்தான் பார்க்கிறார்கள். முகம் மாறவில்லை, படம்தான் மாறியிருக்கிறது.

இன்னொன்று: ராசாவுக்கு 3, சேவகனுக்கு 30 என்று வைத்த ஆட்டம் உங்களுடையது. துரைக்கு மூன்று, பங்களா அப்புவுக்கு முப்பது! அந்த நாளில் அதை மேசையில் மட்டும்தான் சொல்ல முடிந்திருக்கும்.

கேள்வி: சீட்டு என்றாலே சூதுதானே?
– ராகலை வாசகர்

காசு வைத்தால் சூது. வைக்காவிட்டால் கணக்குப் பாடம். கணக்குப் பாடத்தில் தோற்றதால் யாரும் தாலியை அடகு வைத்ததில்லை.

கேள்வி: மலையகத்துக்கு முதன்முதலில் வந்த 'டிரேடிங் கார்ட்' எது?
– ஹட்டன் வாசகர்

விளையாட்டாகக் கேட்டிருக்கிறீர்கள். பதில் விளையாட்டாக வரவில்லை.

அதற்குத் 'துண்டு' என்று பெயர். ஆட்கள் பட்ட கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் விடுவிப்போம் என்று ஒரு துரை எழுதிக் கொடுக்கும் கடதாசி. இன்னொரு துரை அந்தக் கடனைக் கட்டினால் கூட்டம் அந்தத் தோட்டத்துக்குப் போகும், கடனும் கூடவே போகும். கைமாறியது கடதாசி, நடந்தது ஆட்கள். 1921-இல்தான் அதைச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள்.

பிறகு 1964 ஒக்டோபர் 30. இலங்கை, இந்தியா இரண்டின் பிரதமர்களும் ஒரு மேசையில் உட்கார்ந்து நம் சனத்தில் 975,000 பேரைப் பங்கு போட்டார்கள். இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000. மிச்சம் 150,000 பேரைக் கவிழ்த்து வைத்தார்கள். பத்து வருஷம் கழித்து அதைத் திருப்பி, ஆளுக்கு 75,000 என்று எடுத்துக்கொண்டார்கள். எந்த அட்டையிடமும் எந்தக் கைக்குப் போக விருப்பம் என்று யாரும் கேட்கவில்லை.

அதனால்தான், மஸ்கெலியாவில் இரண்டு பேர் உட்காருமுன் "இந்தத் திகதிவரை, இத்தனை அட்டை, உனக்கும் இதே சட்டம் எனக்கும் இதே சட்டம்" என்று பேசிக்கொள்வதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. பங்கு போடும் மேசையில் நம்மவர்கள் அட்டையாகத்தான் இருந்தார்கள். இந்த மேசையில் கலைக்கிறவனும் நம்ம பையன், வெட்டுகிறவனும் நம்ம பையன்.