‘தூரமா?’ என்னும் வினா: சுந்தரபாண்டிய வழக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

இவ்வாய்வின் களம் விருதுநகர் மாவட்டம், வத்திராயிருப்புப் பக்கம் உள்ள சுந்தரபாண்டியம். ஆய்வு எல்லை, டீக்கடை பெஞ்சிலிருந்து பஸ் நிற்கும் இடம் வரை. ஏறக்குறைய இருபது எட்டு. அதற்கு அப்பால் வெயில் என்பதால் எல்லை விரிக்கப்படவில்லை. கருதுகோள் ஒன்றே. நாலு பேரோடு கூச்சமில்லாமல் பேசுவது எப்படி என்று புத்தகம் வாங்குகிறவர்கள், அந்தக் காசுக்கு இங்கே வந்து டீ குடித்திருக்கலாம்.

முன்னோர் ஆய்வுகளைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்பது துறை மரபு. அமெரிக்கரான டேல் கார்னகி, நண்பர்களைப் பெறுவது பற்றி 1936இல் வெளியிட்ட நூலில், எதிரே இருப்பவரின் பெயரை நினைவில் வைத்துச் சொல்லி அழைக்கும்படி அறிவுறுத்துகிறார். இதைக் களத்தில் சோதித்தோம். அறுபது வயதுக்காரர் ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்ததும், “யாரு மகன்டா இவன்?” என்ற குரல் மூன்று திசையிலிருந்து எழுந்தது. இங்கே ஒருவரின் பெயர் ரேஷன் கார்டிலும் கல்யாணப் பத்திரிகையிலும் மட்டுமே வெளிப்படும். மற்ற நேரங்களில் அவர் அண்ணாச்சி, மாமா, சித்தப்பா.

கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும் என்று ஆளுமை வகுப்புக்காரர்கள் சொல்வதும் இங்கே செல்லாது. டீக்கடை பெஞ்சு ரோட்டைப் பார்த்துப் போடப்பட்டிருக்கிறது. உட்கார்ந்த இருவரும் ரோட்டையே பார்த்துக்கொண்டு, பக்கவாட்டில் பேசுகிறார்கள். முகம் பார்க்காததால் பேச்சு நின்றாலும் சங்கடமில்லை. பஸ்ஸைப் பார்ப்பதுபோல் இருந்துவிடலாம். கூச்சத்துக்கு இதைவிட நல்ல மருந்தை எந்தத் தச்சரும் செய்ததில்லை.

மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி மட்டும் விஷயத்துக்குப் பக்கத்தில் வந்தார். செய்தி சொல்வதற்காக இல்லாமல், உறவு அறுந்துவிடாமல் இருப்பதற்காகவே பேசப்படும் பேச்சு ஒன்று உண்டு என்று 1923இல் எழுதி, அதற்கு ஒரு பெயரும் வைத்தார். ‘எங்கிருந்து வருகிறாய்?’ என்று மெலனீசியர்கள் கேட்டுக்கொள்வதை உதாரணம் காட்டினார். அதைத் தெரிந்துகொள்ள, முதல் உலகப் போர்க் காலத்தில் நியூகினிக்குக் கிழக்கே உள்ள டிரோபிரியாண்ட் தீவுகள் வரை போய்க் கூடாரம் அடித்தார். கிருஷ்ணன்கோவிலில் இறங்கி பஸ் மாறியிருந்தால் போதும். பிறகு 1960இல் ரோமன் யாக்கப்சன், மொழியின் ஆறு பணிகளில் ஒன்றாக இதைச் சேர்த்தார்.

ஆறு என்றதும் நமக்கு நன்னூலார் நினைவுக்கு வந்தாக வேண்டும். அவரும் வினாவை ஆறாகவே வகுத்தார்: அறிவினா, அறியா வினா, ஐயவினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. விடைகளை எட்டாக்கினார். இந்த ஆறிலும் அடங்காமல் சுந்தரபாண்டியத்தில் தினமும் கேட்கப்படும் ஏழாவது ஒன்று உண்டு. அதை ‘வினா அல்லா வினா’ என்போம். அதன் வகைகள் வருமாறு.

“மழை உண்டா?” இது நீக்கப்பட்டது. மலையில் மழை பெய்ததா, பிளவக்கல் அணைக்குத் தண்ணீர் வருகிறதா என்பது இங்கே நெல் போட்டவனின் நிஜக் கேள்வி.

“அப்புறம்?” விடை: “அப்புறம், நீதான் சொல்லணும்.”

“சாப்டாச்சா?” இது கொடை வினாப்போல் தோன்றும், அன்று. கேட்டவர் சோறு போடப்போவதில்லை. “நீங்க?” என்று திருப்பிக் கேட்பதே முறையான விடை. வினாவுக்கு எதிராக வினா வந்தால் அதுவும் விடையே என்று தொல்காப்பியர் அன்றே அனுமதி கொடுத்துவிட்டார். அவரும் எங்கோ பஸ்ஸுக்கு நின்றிருக்க வேண்டும்.

இனி “தூரமா?”

கிளம்பிப் போகிறவரைக் கண்டு, “என்ன அண்ணாச்சி, தூரமா?” என்பது. இதற்கு உரைகள் பல. உரைகாரர்களின் இயற்பெயர் தெரியவில்லை. பெயர் தெரியாத புலவருக்கு அவர் சொன்ன தொடரையே பெயராக்கி, செம்புலப்பெயனீரார் என்று வழங்கியது சங்க மரபு. அவ்வழியே இவ்வுரைகாரர்களையும் கொள்க.

முதல் உரைகாரர் சகுனத்தடையார். “எங்கே போறே?” என்று கேட்டால் போகிற காரியம் விளங்காது, ஆகவே இடத்தைக் கேளாது தூரத்தைக் கேட்டான் என்பது அவர் உரை. இதை ‘ரெண்டுடீ ஒருவடையார்’ மறுக்கிறார். என்னை? சகுனம்தான் சிக்கலென்றால் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே எனின், இருக்கலாகாது. கேளாது விட்டால், ‘கண்டும் காணாம போறான்’ என்று சாயங்காலத்துக்குள் பகையாகும். பேசவும் கூடாது, பேசாதிருக்கவும் கூடாது என்ற இடத்தில் பிறந்ததே இவ்வினா என்க. சில்லறையில்லார் என்னும் மூன்றாமவர் இரண்டும் பொருந்தும் என்று சொல்லிவிட்டுக் காசு கொடுக்காமல் எழுந்துபோனார். நம் கல்விப்புலத்தில் இவர் பின்பற்றப்படும் அளவுக்கு வேறெவரும் பின்பற்றப்படுவதில்லை.

பாடபேதங்களும் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பாடம் “எங்கிட்டு?” என்பது. ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுப் பாடம், “என்ன, இந்தப் பக்கம்?” பின்னது போய்ச் சேர்ந்தபின் கேட்கப்படுவதால் இடைச்செருகல் என்று தள்ளினோம். பெண்களிடம் ‘தூரமா?’ என்று ஆண்கள் கேட்பதில்லை. காரணம் வீட்டில் கேட்டறிக.

விடையே பெரிது. “இந்தா, இங்கனதான்.”

பக்கத்துத் தெருவுக்கு மாவாட்டப் போனவர் சொன்ன விடை இது. சதுரகிரி ஏறத் தாணிப்பாறைக்குக் கிளம்பியவர் சொன்னதும் இதுவே. கையில் பால்கோவாப் பெட்டியும் தோளில் இரண்டு பையுமாகச் சென்னைக்குப் புறப்பட்டவரும் இதையே சொன்னார். நன்னூலாரின் எட்டு விடைகளுள் இது சுட்டு விடை. இகரம் அண்மைச் சுட்டு. ஆனால் அந்த இகரம் இங்கே ஐநூறு கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. இந்நீட்சிக்கு இலக்கணத்தில் விதி இல்லை. அளபெடை என்று கொள்ளலாமா என எண்ணி இரண்டு மாதம் செலவிட்டோம். அந்த இரண்டு மாதத்துக்கும் உதவித்தொகை வரவில்லை.

(இவ்விடத்தில் முந்தைய ஆய்வேடு ஒன்றிலிருந்து பத்துப் பக்கம் அப்படியே எடுத்து வைப்பது வழக்கம். இத்தலைப்பில் முந்தைய ஆய்வேடு இல்லாததால் நானே எழுத வேண்டியதாயிற்று. பொறுத்தருள்க.)

ஆய்வாளன் தன் சார்பை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கிறார்கள். சொல்கிறேன். கல்லூரிப் பருவத்தில் நான் வாய் திறக்காத பையன். ஒருநாள் பஸ்ஸுக்குப் போகையில், சைக்கிளில் வந்த மாமா ஒருவர், “என்ன மாப்ள, தூரமா?” என்றார். கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். “டவுன் ஆஸ்பத்திரிக்கு மாமா. ரத்தம் டெஸ்ட் பண்ணணும். சர்க்கரை இருக்குமோன்னு ஒரு சந்தேகம்” என்றேன். மாமாவின் முகம் மாறியது. பாவம், அவர் வேறு வேலையாகப் போய்க்கொண்டிருந்தவர். சைக்கிளை ஸ்டாண்டு போட வேண்டியதாயிற்று. எந்த டாக்டர், எத்தனை நாளாக, தாத்தாவுக்கு இருந்ததா என்று முறைப்படி கேட்டார். பஸ் போய்விட்டது. சாயங்காலம் வீடு திரும்புவதற்குள் மூன்று வீட்டிலிருந்து ஆவாரம்பூ வந்திருந்தது. பாகற்காயும் வந்தது. அதற்குப் பிறகு ஒரு வருடம், டீக்கடை இல்லாத சந்து வழியாகவே பஸ்ஸுக்குப் போனேன்.

மாமா கேட்டது சைக்கிள் மணி அடிப்பது போல என்று பிற்பாடுதான் விளங்கியது. மணி அடித்தவனிடம் யாரும் ரத்த அளவைச் சொல்வதில்லை. லேசாக ஒதுங்கிக்கொள்வார்கள், அவ்வளவே. அது பிடிபட்ட அன்று சந்து வழியை விட்டு ரோட்டுக்கு வந்தேன். எதிரே வந்த முதல் ஆளிடம், “என்ன பெரியப்பா, தூரமா?” என்றேன். குரல் கொஞ்சம் நடுங்கியது. “இந்தா, இங்கனதான்” என்று நிற்காமல் போனார். அன்று எனக்கு ஏற்பட்ட தைரியத்தை அளக்கும் கருவி இன்னும் துறைக்கு வந்து சேரவில்லை.

இக்கட்டுரை ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கில் வாசிக்கப்பட்டது. பன்னாடு என்றது, வெளிநாட்டு விருந்தினர் ஒருவர் பெயர் அழைப்பிதழில் அச்சாகியிருந்ததை. பதிவுக் கட்டணம் கட்டியிருந்ததால் ஐ.எஸ்.பி.என் எண்ணோடு மலரில் வந்தும்விட்டது. அமர்வுத் தலைவர் மட்டும் கடுமையாக மறுத்தார். விடையை எதிர்பாராத வினா என்று ஒன்று எம்மொழியிலும் இருக்க முடியாது. ‘வினா அல்லா வினா’ என்பது முரண்தொடர். ஏழாவது வகை செல்லாது என்று, நேரமின்மை கருதி, இருபது நிமிடம் பேசினார்.

மதியம் சாப்பாட்டு வரிசையில் எனக்கு அடுத்து அவரே நின்றார். இருவர் கையிலும் காலித் தட்டு. சாம்பார் வாளி இன்னும் எட்டு ஆள் தள்ளி இருந்தது. கொஞ்ச நேரம் இருவரும் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

“என்ன சார், சாப்டாச்சா?”

“ஆச்சு சார். நீங்க?”

“ஆச்சு, ஆச்சு” என்று தட்டை மறுகைக்கு மாற்றிக்கொண்டார்.