அந்தமானுக்கு மூட்டை கட்டுதல்

எண்ணூர்க்காரர் அந்தமான் போவதென்றால் முதலில் சன்ஸ்கிரீன் வாங்குகிறார். வருடம் முழுக்க அனல்மின் நிலையச் சாம்பலைப் பூசிப் பழகிய தோல், இந்த வெள்ளைக் களிம்பை மதிக்குமா என்பது வேறு கதை. சென்னைத் துறைமுகத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பலில் சுமார் மூன்று நாள். அடையாள அட்டை, வாந்திக்கு அவோமின் மாத்திரை, எலுமிச்சம்பழம், காசிமேட்டுக் கருவாட்டுத் தொக்கு போதும். (2024இல் போர்ட் பிளேரின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள், வாந்தி பழைய பெயருக்கே வரும்.)

மனத்தயாரிப்புதான் கஷ்டம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் கழிமுகமெங்கும் எண்ணெய் படர்ந்ததைப் பார்த்தவர் அந்தமானின் ஹேவ்லாக் தீவுக் கடலில் சட்டென்று இறங்கிவிட மாட்டார். கரையிலேயே நின்று கேட்பார்: “அடி வரைக்கும் தெரியுதே, இதுல என்னத்த கலந்திருக்கானுங்க?”

செலவு கட்டுப்படியாகாதவர்களுக்கு எண்ணூர்ப் பக்கத்திலேயே காட்டுப்பள்ளி இருக்கிறது. அதுவும் தீவுதான், துறைமுகம்கூட உண்டு.