எட்டு ட்ரெட்மில், நான்கு ஆசாமிகள்

சிகாகோவில் 1998-இல் முளைத்த 'ஓகே கோ' ராக் இசைக்குழுவின் பாட்டு ஒன்றை முணுமுணுக்கச் சொன்னால் பலரும் விழிப்பார்கள். "ட்ரெட்மில் மேல ஆடுனாங்களே, அவங்களா?" என்று மட்டும் சரியாகக் கேட்பார்கள்.

ஆட்டம் 2005-இல் தொடங்கியது. பாடகர் டேமியன் குலாஷ் வீட்டுக் கொல்லைப்புறம், அசையாத ஒரே கேமரா. 'எ மில்லியன் வேஸ்' பாட்டுக்கு நடனம் அமைத்தவர் அவருடைய சகோதரி ட்ரிஷ் சீ. பாடிய குலாஷ் ஓரமாக ஆட, பேஸ் கிடார் வாசிக்கும் டிம் நார்ட்விண்ட் நடுவில் நின்று வாயசைத்தார். பின்னணிப் பாடகரும் கூடவே சேர்ந்து ஆடும் அபூர்வக் காட்சி!

மறு வருஷம் ட்ரிஷ் வீட்டில் எட்டு ட்ரெட்மில்கள் வந்து இறங்கின. 'ஹியர் இட் கோஸ் அகெய்ன்' வீடியோவை வெட்டாமல், ஒட்டாமல் ஒரே ஷாட்டில் எடுத்து யூடியூபில் ஏற்றினார்கள். தங்கள் பாட்டை வெளியிட்ட இ.எம்.ஐ. இசைக் கம்பெனிக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இயக்குநர், புகை, மழை, முடியைக் கோதும் காற்று எல்லாம் வந்திருக்கும். ட்ரெட்மில் மட்டும் வந்திருக்காது. ஒப்பந்தப்படி குற்றம்தான். ஆனால் கோடிக்கணக்கானோர் பார்த்த குற்றத்துக்கு யார் தண்டனை தருவார்கள்? கிராமி தந்தார்கள், 2007-இல்.

கம்பெனி பிறகு விழித்துக்கொண்டது. பிற தளங்களில் வீடியோவைப் பதித்துப் பார்த்தால் தனக்குப் பைசா வராது என்று கண்டுபிடித்து, அந்த வசதிக்குப் பூட்டுப் போட்டது. தினமும் சுமார் பத்தாயிரம் பேர் பார்த்தது ஆயிரத்துச் சொச்சமாகச் சுருங்கியது. இதை 2010-இல் நியூயார்க் டைம்ஸில் எழுதிய குலாஷ், ஆறு மாத ஸ்ட்ரீமிங்குக்குத் தங்கள் கணக்கில் வரவான தொகையையும் போட்டு உடைத்தார்: 27 டாலர் 77 சென்ட். இதைக் காக்கத்தான் அத்தனை பெரிய பூட்டு.

அதே வருஷம் 'திஸ் டூ ஷால் பாஸ்' வந்தது. லாஸ் ஏஞ்சலீஸில் ஒரு கிடங்கு முழுக்க, ஒன்றைத் தள்ளினால் இன்னொன்று உருளும் ராட்சத யந்திரம். பணம் போட்டது ஸ்டேட் ஃபார்ம் என்ற காப்பீட்டு நிறுவனம். விபத்துக்குப் பணம் தருகிறவர்கள், திட்டமிட்ட விபத்துக்கும் தந்தார்கள்! இந்த வீடியோவை யாரும் எங்கும் பதிக்கலாம். இசைக் கம்பெனிக்குப் புரியாதது இன்சூரன்ஸ்காரருக்குப் புரிந்துவிட்டது. சில வாரங்களில் குழு இ.எம்.ஐ.க்குக் கும்பிடு போட்டுவிட்டு 'பாரகடூட்' என்று சொந்தக் கடை திறந்தது.

அப்புறம் கார், நாய்க்கூட்டம் என்று ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு திருவிழா. தரையில் ஆடி அலுத்ததோ என்னவோ, 2016-இல் ரஷ்யாவின் எஸ்7 ஏர்லைன்ஸ் புண்ணியத்தில் வானத்துக்கே போய்விட்டார்கள். விமானம் மேலேறி வளைந்து இறங்கும் ஒவ்வொரு முறையும் அரை நிமிஷத்துக்கும் குறைவாகத்தான் எடையின்மை கிடைக்கும். அதற்குள் மிதந்து, குட்டிக்கரணம் போட்டு, பெயிண்ட் பலூனை உடைத்து, முகத்தில் சிரிப்பும் காட்டவேண்டும். பயிற்சியிலும் படப்பிடிப்பிலும் விமானத்தில் இருந்தவர்கள் ஆள் மாற்றி ஆள் வாந்தி எடுத்தார்கள். 'அப்சைட் டவுன் அண்ட் இன்சைட் அவுட்' என்று பாட்டுக்குப் பெயர் வைத்தபோது இதை யோசித்திருக்க மாட்டார்கள்.