பார்டர் கோழிக்கு ஒரு வேலை போட்டுக் குடு

வா மருமவனே, உக்காரு. திண்ணையில சாரல் அடிச்சுக் கெடக்கு, துண்டை விரிச்சு உக்காரு. நாயக் கட்டாத, அவுத்து விடு.

போன வருசம் நீ போன்ல, "மாமா, பார்டர் கோலி வாங்கிட்டேன், நாப்பதாயிரம்"னு சொன்னப்ப எனக்குக் காது சரியாக் கேக்கல. பிரானூர் பார்டர் பரோட்டாக் கடையில கோழி வாங்கிட்டு வாரான்னு நெனச்சு, உங்க அத்தைகிட்ட, "நாலு பரோட்டாவும் சேத்து வாங்கச் சொல்லு"ன்னேன். நாப்பதாயிரத்துக்குக் கோழியான்னு அவ நெஞ்சப் புடிச்சுக்கிட்டா. வந்து பாத்தா கோழிக்கு நாலு காலு! பேரு பெல்லாவாம். நான் வெள்ளையம்மான்னுதான் கூப்பிடுதேன். அதுக்குத்தான் அது திரும்பிப் பாக்கு, கவனிச்சியா?

இப்ப என்னமோ வழக்கு கொண்டு வந்துருக்க. சோபாவக் கிழிச்சிட்டு, செருப்பத் தின்னுட்டு, புள்ளைங்க ஓடுனா குதிகாலக் கவ்வுது, இலஞ்சி ரோட்டுல போற பைக்கையெல்லாம் மறிக்கி. சரி, யோசனை சொல்லுதேன், எழுதிக்கோ. ஒண்ணு, அதுக்குத் தனியா ஒரு சோபா வாங்கிக் குடு. ரெண்டு, ஏசி ரூம்ல பூட்டி வை. மூணு, நீ கம்ப்யூட்டர் முன்னால உக்காந்துருக்க மாதிரி அதுக்கும் ஒரு நாற்காலி போடு. ஒரே மாசத்துல உன்னைய மாதிரியே ஆயிரும். தொப்பையும் வரும், காரணமில்லாம எல்லார் மேலயும் சள்ளுன்னு விழும்.

என்ன முறைக்க? எழுதலியா?

கேளு வே. பேரன் போன்ல இதோட பூர்வீகத்தத் தேடிப் படிக்கச் சொன்னேன். இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவுல உள்ள எல்லைதான் அந்த பார்டர். நமக்குச் செங்கோட்டைக்கு அங்கிட்டு ஆரியங்காவு இருக்கே, அது மாதிரி. 1893-ல அங்க நார்தம்பர்லாந்துல ஹெம்ப்னு ஒரு ஆண் நாய் பொறந்துருக்கு. பதுங்கி நின்னு, கண்ணால பாத்தே ஆட்டத் திருப்புமாம். இன்னைக்கு இருக்க பார்டர் கோலிக்கெல்லாம் அவன்தான் குலசாமி. மந்தை மேய்க்கப் பொறந்த வம்சத்த நீ மாடி வீட்டுல வச்சா, அது எத மேய்க்கும்? உன் புள்ளைய மேய்க்கும், பைக்க மேய்க்கும். அது சேட்டை இல்ல. வேலை குடுக்காத நாய் தானா வேலை தேடிக்கிடும், அம்புட்டுதான்.

நம்ம நாய்களுக்கு இந்தப் படிப்பு கெடையாது. நான் கெடை போட்ட காலத்துல ஆட்டத் திருப்புதது மனுசன் பாடு. தொரட்டிக் கம்பும் தொண்டையும் போதும். ராத்திரிப் பட்டியக் காக்குததுதான் நாய்க்கு வேலை. குடாப்புக்குள்ள குட்டி கெடக்கும், வெளிய நரி நிக்கும், நாய் ஒத்தக் கண்ணுல உறங்கும். கோம்பையும் ராஜபாளையமும் காவலுக்குப் பேர் போனது. கன்னியும் சிப்பிப்பாறையும் முயலுக்கு ஓடுனது. 1972-ல வனவிலங்குச் சட்டம் வந்துச்சு, அந்த ஓட்டமும் நின்னுச்சு. 2005-ல ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை போட்டாங்க. தலை போட்டாச்சு, வேலைதான் போடல! ஆக, நாட்டு நாயானாலும் சீமை நாயானாலும் நோய் ஒண்ணுதான்.

வெள்ளக்காரன் அதுக்கு மருந்து கண்டுபிடிச்சு வச்சிருக்கான். 1873-லயே வேல்ஸ் நாட்டுல பாலாங்கிற ஊருல, யாரு நாய் நல்லா ஆடு மடக்குதுன்னு போட்டி வச்சிருக்காங்க. ஆடு இல்லாத டவுன்காரனும் சும்மா இருக்கல. 1978-ல லண்டன்ல கிரஃப்ட்ஸ்னு பெரிய நாய்க் கண்காட்சி. நடுவுல சனம் கொட்டாவி விடாம இருக்கதுக்காக, குதிரை வேலி தாண்டுதாப்புல நாயத் தாண்ட விட்டுருக்கான். அதுதான் இன்னைக்கு உலகம் பூரா நடக்க அஜிலிட்டி ஓட்டம். ஜெர்மன்காரன் இன்னும் மேல போயிட்டான். ஆட்டுக்குப் பதிலா எட்டுப் பெரிய பந்த உருட்டி விட்டு, நாய மூக்கால முட்டி வலைக்குள்ள சேக்கச் சொல்லுதான். அமெரிக்காவுல சேசர்னு ஒரு பார்டர் கோலி 1,022 பொம்மையப் பேரு சொன்னதும் எடுத்துட்டு வந்துச்சாம். எனக்கு ஏழு பேரப்புள்ளைங்க; ஒருத்தனக் கூப்பிட நாலு பேரு சொல்லித்தான் அஞ்சாவதா அவன் பேரு வருது.

உனக்குக் கிரஃப்ட்ஸ் வேண்டாம். கொல்லையில நாலு மூங்கில நட்டு, ஊடால நெளிஞ்சு போகப் பழக்கு. பழைய லாரி டயரு ஒண்ணக் கட்டித் தொங்க விடு. ஆனா வயசு ஒண்ணு முடியாத குட்டிய உயரத் தாண்ட விடாத, எலும்பு முத்தல. மழையில வெளிய போக முடியலியா? பத்துச் சிரட்டையக் கவுத்து வச்சு, ஒண்ணுக்கு அடியில அவிச்ச கோழித் துண்டு வையி. மோந்து கண்டுபிடிக்கட்டும். அரை மணி நேரம் மூக்கால வேலை செஞ்சா, ஊரு சுத்துன நாய் மாதிரி அலுத்து உறங்கும். சால்னாவ மட்டும் ஊத்திராத, வெங்காயம் நாய்க்கு ஆகாது.

ஓட்டத்துக்கு விடியக்காலம் போ. சித்திரை வெயில்ல தார் ரோட்டுல புறங்கைய வச்சுப் பாரு. உன் கை தாங்கலன்னா அது பாதமும் தாங்காது. குளிர் நாட்டு முடி வேற, கம்பளி போத்துன கணக்கு. சாரல் அடிக்க ஆனியும் ஆடியும்தான் அதுக்குப் பொங்கலும் தீவாளியும். அதுக்காக குத்தாலம் ஐந்தருவிக்குக் கூட்டிட்டுப் போயிராத. எண்ணெய் தேச்சு நிக்க அம்புட்டுப் பேரையும் ஒரே மூலையில மடக்கி நிறுத்திரும். பொறவு போலீஸ்காரனுக்கு என்ன சோலி? காட்டுப் பக்கமும் ஏத்தாத, அங்க உள்ள மந்தை அதோட மந்தை இல்ல. சாரல் முடிஞ்சா காதுக்குள்ள உண்ணி பாரு. எல்லாத்தையும் விட, ஓடப் பழக்குன மாதிரி சும்மா படுக்கவும் பழக்கணும். நிப்பாட்டத் தெரியாதவன் கையில மந்தையும் நிக்காது, நாயும் நிக்காது.

இன்னொண்ணு சொல்லுதேன், உங்க அத்தைகிட்ட சொல்லிராத. போன வாரம் நீ இத விட்டுட்டு டவுனுக்குப் போனேல்லா? கொல்லையில அவ கோழி பதினொண்ணையும் இது ஒத்த இறகு உதிராம வைக்கோல் படப்பு ஓரமா மடக்கி வச்சிருந்துச்சு. நான் பாத்தேன். பழக்க தோசத்துல, "ட்ர்ர்... ஏய்"னு நாக்கச் சுழட்டுனேன். ஆடு வித்து ஒம்பது வருசம் ஆச்சு, அந்தச் சத்தம் தொண்டைக்குள்ள இன்னும் கெடக்குன்னு எனக்கே தெரியாது. இது அப்படியே வயித்தத் தரையில போட்டுப் படுத்து, அடுத்து என்னன்னு என் மொகத்தப் பாத்துச்சு. ஒம்பது வருசமா என்னைய எவனும் அப்படிப் பாக்கல வே. நீ உள்பட.

அதனால தீர்ப்பு இதுதான். நாளையிலேருந்து காலையில அஞ்சு மணிக்கு வெள்ளையம்மாவ இங்க கொண்டு வா. நீயும் வரணும், அது ஓடும், நீ நட, நான் சத்தம் குடுக்கேன். மூணு பேருல ரெண்டு பேருக்கு வேலை கெடைச்ச மாதிரியும் ஆச்சு, ஒருத்தன் தொப்பை கொறைஞ்ச மாதிரியும் ஆச்சு.

கூலியா? சொந்தக்காரன்கிட்ட கூலி கேப்பனா? ஞாயித்துக்கெழமை ராத்திரி ஒரு பொட்டலம் போதும். பார்டர் கோழி.

ரெண்டு காலு உள்ளது.