பச்சை மைச் சித்தப்பா

எந்தக் குடும்பத்திலும் ஒரு சித்தப்பாவோ பெரியப்பாவோ இருப்பார். அச்சுக்குப் போகிற தாள் எதுவும் அவர் கையைத் தாண்டித்தான் போகும். கல்யாணப் பத்திரிகை புரூஃபில் தாய்மாமன் பெயருக்கு இனிஷியல் விட்டுப்போனதைப் பிடித்தவர் அவர். வங்கிக் கடன் விண்ணப்பத்தில் கையெழுத்துக்குக் கீழே தேதி இல்லை, ஊர் இல்லை என்று திரும்பத் திரும்பத் திருப்பி அனுப்பியவரும் அவர்தான். வங்கி ஒரு தடவைகூடத் திருப்பவில்லை.

கிளென்மார்கன் சித்தப்பா இந்த ரகத்தில் நன்றாக முற்றியவர். மின் வாரியத்தில் உதவி செயற்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பைக்காரா ஆற்றுத் தண்ணீர் மலைமேல் இருக்கிற கிளென்மார்கன் அணையில் தேங்கி, அங்கிருந்து இரும்புக் குழாய்களில் சுமார் 3,000 அடி சரிந்து சிங்காரா பவர் ஹவுஸுக்குப் போகிறது. 1932 முதல் அங்கே கரண்ட் எடுக்கிறார்கள். அந்தச் சரிவில் தண்டவாளம் போட்டு, கம்பிவடத்தில் இழுக்கிற விஞ்ச் ஒன்று உண்டு. அதில் ஏறி இறங்கியே சித்தப்பாவின் சர்வீஸ் கழிந்தது. கூட வேலை பார்த்தவர்கள் ஓய்வு பெற்றதும் குளிருக்குப் பயந்து கோயம்புத்தூர், மேட்டுப்பாளையம் என்று இறங்கிவிட்டார்கள். இவர் இறங்கவில்லை. கோப்புகளில் குறிப்பு எழுதிய பச்சை மைப் பேனாவும் இவரோடேயே தங்கிவிட்டது.

கோவையில் கம்ப்யூட்டர் சயின்ஸில் ஆராய்ச்சி செய்யும் அண்ணன் மகள், விவரம் தெரிந்தேதான் இவரிடம் மாட்டினாள். அவள் எழுதியிருந்தது லிட்டரேட் புரோகிராமிங் பற்றிய கட்டுரை. புரோகிராமை மெஷினுக்கு உத்தரவு போடுவதுபோல எழுதாமல், படிக்கிற மனிதருக்கு விளக்கிச் சொல்லும் கட்டுரையாக எழுத வேண்டும் என்று 1984இல் டொனால்ட் நூத் ‘தி கம்ப்யூட்டர் ஜர்னல்’ இதழில் வாதாடினார். விளக்கமும் நிரலும் ஒரே கோப்பில் கலந்து கிடக்கும். ‘டேங்கிள்’ என்ற கருவி அதிலிருந்து நிரலை மட்டும் உருவி மெஷினுக்குக் கொடுக்கும். ‘வீவ்’ என்ற கருவி எல்லாவற்றையும் அச்சுக்கு ஏற்ற கட்டுரையாகக் கோத்துக் கொடுக்கும். தன் ‘டெக்’ அச்சுக்கோப்பு மென்பொருள் முழுவதையும் நூத் இப்படியே எழுதி, 1986இல் தடித்த புத்தகமாகப் போட்டுவிட்டார். விளக்கத்தைத் தமிழிலும் நிரலைப் பைத்தானிலும் எழுத வசதியாக அண்ணன் மகள் ஒரு கருவி செய்திருந்தாள். அதைப் பற்றிய வரைவுதான் மலையேறியது.

“பதினாலு பக்கந்தானுங்க சித்தப்பா. படிச்சுட்டு எப்படி இருக்குதுன்னு சொன்னாப் போதுமுங்க.”

“பிரிண்ட் எடுத்து அனுப்பு பாப்பா. போன்ல படிச்சா தப்பு கண்ணுல சிக்காது.”

இந்த மாதிரிக் கட்டுரைக்குக் கருத்துச் சொல்லக் கேட்டால் வழக்கமாக நடப்பது வேறு. நிரல் தெரிந்தவர் விளக்கத்தைத் தாண்டிப் போய்விடுவார், அது பொதுஜனத்துக்கு என்று. மொழி தெரிந்தவர் நிரலைத் தாண்டிவிடுவார், அது நிபுணர்களுக்கு என்று. எழுதியவருக்கு இருவரிடமிருந்தும் ‘அருமை’ வந்து சேரும். சித்தப்பா அப்படித் தாண்டுகிறவர் அல்ல. ஒரு வரி விடமாட்டார்.

தாள் திரும்பி வந்தபோது பச்சை, கறுப்பை மிஞ்சியிருந்தது. முதல் பக்கத்தின் தலையில்: ‘பொருள், பார்வை ஆகியவை இல்லை.’ கடைசிப் பக்கத்தில் இருந்த மேற்கோள் பட்டியலை அம்புக்குறி போட்டு முதல் பக்கத்துக்கு இழுத்து, ‘பார்வை 1 முதல் 23 வரை’ என்று எண் கொடுத்திருந்தார். லிட்டரேட் முறையில் எழுதிய ‘பிசிக்கலி பேஸ்டு ரெண்டரிங்’ என்ற புத்தகத்தின் ஆசிரியர்களுக்கு, ஆஸ்கர் கொடுக்கிற அகாடமியே 2014இல் தொழில்நுட்ப விருது கொடுத்தது என்று அவள் பெருமையோடு எழுதியிருந்த இடத்தில்: ‘சான்றொப்பமிட்ட நகல் இணைக்கப்படவில்லை.’ நிரல் துண்டுகளுக்குப் பக்கத்தில்: ‘வரி முடிவில் முற்றுப்புள்ளி இல்லை. இடது ஓரம் சீராக இல்லை, சரிசெய்க.’ பைத்தானில் அந்த ஓரத்தைச் சீராக்கினால் புரோகிராமே படுத்துவிடும் என்பதை அவள் போனில் விளக்கினாள். சித்தப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்படின்னா அதை அடிக்குறிப்பா போட்டுடு” என்றார்.

இந்தத் துறையிலேயே பேர்போன கருத்துரை ஒன்று உண்டு. 1986இல் ஜான் பென்ட்லி, அமெரிக்கக் கம்ப்யூட்டர் சங்கத்து மாத இதழில் எழுதிவந்த தன் பத்திக்காக நூத்திடம் ஒரு கணக்குக் கொடுத்தார்: ஒரு கோப்பில் அதிகமாக வரும் சொற்களை எண்ணிக்கையோடு வரிசைப்படுத்திக் காட்ட வேண்டும். நூத் அதற்கென்றே நுணுக்கமான தரவமைப்பு ஒன்றை யோசித்து, பக்கம் பக்கமாக அழகான புரோகிராம் எழுதிக் கொடுத்தார். விமர்சனம் எழுத பெல் லேப்ஸின் டக் மெக்கில்ராயைக் கூப்பிட்டார்கள். அவர் எழுத்தைப் பாராட்டிவிட்டு, யூனிக்ஸில் ஏற்கெனவே இருக்கிற ஆறு கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து அதே வேலையை முடித்துக் காட்டினார். நூத் செய்தது அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டிய, ரத்தினம் இழைத்த ஃபாபெர்ஷே முட்டை மாதிரி என்றும் எழுதினார். பாராட்டா, குத்தலா என்று இன்னும் தகராறு நடக்கிறது.

சித்தப்பாவின் வேகத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தலாம் என்றுதான் அண்ணன் மகள் இந்தக் கதையைச் சொன்னாள். கருத்துரை என்றால் விஷயத்துக்குள் இறங்க வேண்டும், முற்றுப்புள்ளியோடு நிற்கக் கூடாது என்பது குறிப்பு. சித்தப்பாவுக்கு வேறு இடத்தில் பிடித்துக்கொண்டது.

“அந்த மெக்கில்ராய் எந்த டிவிஷன்ல இருந்தாரு?”

“யூனிக்ஸ்ல பைப்புங்கற ஏற்பாட்டுக்கு யோசனை குடுத்தவருங்க சித்தப்பா. ஒண்ணுல இருந்து வர்றதை அடுத்ததுக்கு அப்படியே திருப்பிவிடறது.”

“பைப்பா? அதைச் சொல்லு. நம்மாளுதான் அவரு.”

நூத் தன் புத்தகங்களில் தப்புக் கண்டுபிடிப்பவருக்கு 2.56 டாலர் காசோலை அனுப்பிவந்தார் என்றதும் உற்சாகம் இன்னும் கூடியது. 256 சென்ட் என்பது பதினாறடிமானக் கணக்கில் ஒரு டாலர். கணக்குக்காரர்களுக்கு அது ஒரு குஷி. வாங்கிய பலர் மாற்றாமல் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டார்கள். 2008இல் நிஜக் காசோலையை நிறுத்திவிட்டு, சான் செரிஃப் என்ற கற்பனைத் தீவு வங்கியின் பெயரில் சான்றிதழ் அனுப்ப ஆரம்பித்தார். “கிளியரிங் ஆகாத செக்கை வெச்சுட்டு என்ன பண்றது?” என்றார் சித்தப்பா. ஆனாலும் தன் பச்சைக் குறிப்புகளை எண்ணி 2.56 ஆல் பெருக்கிப் பார்க்காமல் இருக்கவில்லை. “நீ ஒரு பொட்டலம் வர்க்கிகூட வாங்கித் தரலை” என்றும் சேர்த்துக்கொண்டார்.

இத்தனைக்கும் நடுவில் ஒன்பதாம் பக்கத்தில் ஒரு குறிப்பு இருந்தது: ‘படம் எங்கே? எது எதோடு சேர்கிறது என்று எழுத்தில் சொன்னால் எவனுக்கும் புரியாது.’ அவள் சட்டென்று எழுந்து மெக்கில்ராயின் விமர்சனத்தை எடுத்துப் பார்த்தாள். 26, 27 என்று ஒரே விஷயத்துக்கான எண்கள் நிரலில் ஆங்காங்கே சிதறிக் கிடப்பதைச் சுட்டியவர், அந்தச் சிக்கலான தரவமைப்புக்கு ஒரு படம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றும் சொல்லியிருந்தார். பொருள், பார்வை கேட்ட மனிதர் இங்கே எப்படி வந்து சேர்ந்தார்?

கேட்டால் சித்தப்பா பவர் ஹவுஸ் கதைக்குப் போய்விடுவார். வால்வை மாற்றுவார்கள், வரைபடத்தை மாற்ற மாட்டார்கள். பத்து வருஷம் கழித்து ராத்திரி ஷிஃப்டில் எவனோ பழைய வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு இல்லாத வால்வைத் தேடுவான். “வேலையும் விவரமும் ஒரே தாள்ல இருந்தா இந்த வம்பு வராது. நீ சொல்றதும் அதைத்தானே பாப்பா? பின்னே எதுக்குப் பதினாலு பக்கம்?” அவள் முன்னுரையில் மூன்று பத்தி எழுதியும் இவ்வளவு நேராகச் சொல்லவில்லை. முன்னுரையை அடித்துவிட்டு, வால்விலிருந்தே ஆரம்பித்தாள்.

திருத்திய வரைவு மறுபடி மலையேறியது. நன்றியுரையில் தன் பெயரைப் பார்த்ததும் சித்தப்பா பேனாவைத் திறந்தார்: ‘பதவி குறிப்பிடப்படவில்லை. “உதவி செயற்பொறியாளர் (ஓய்வு)” எனச் சேர்க்க.’ மற்றபடி ஒப்புதல்தான் என்று அவள் நிம்மதியாக இருந்தாள்.

அடுத்த வாரம் தெரியாத எண்ணிலிருந்து போன். “பாப்பா, நான் குந்தா கேம்ப்ல உங்க சித்தப்பாகூட இருந்தவன். கருத்துக் கேட்டு உன் பேப்பரை எனக்கு அனுப்பியிருக்காரு. பேனா பேப்பர் எடுத்துக்க, முதல் பக்கத்துல இருந்து வரலாம்.”