எத்தனை கிராம் வேணும், மாமா?

எங்கள் கோட்டாறு ஊர்க்காரனிடம் சாப்பாட்டு விஷயத்தில் இரண்டு கேள்விகள் கேட்கக் கூடாது. ஒன்று, “எவ்வளவு தின்பீர்?” மற்றது, “நின்னுக்கிட்டே தின்பீரா?” முதலாவதற்குப் பதில் சொன்னால் கண்பட்டுவிடும். இரண்டாவதற்கு ஆமென்று சொன்னால் என் பாட்டி கல்லறைத் தோட்டத்திலிருந்து எழுந்து வந்துவிடுவாள். நின்றுகொண்டு தின்பது மாடும் குதிரையும் மட்டுமே என்பது அவள் கடைசிவரை விட்டுக்கொடுக்காத கட்சி. டோக்கியோவில் ஒரு மதியம், இந்த இரண்டு கேள்விகளையும் கையில் நீளக் கத்தி வைத்திருந்த ஒருவர் என்னிடம் மிகுந்த பணிவோடு கேட்டார்.

கூட்டிப்போனவன் அக்காள் மகன். இந்தியக் குடும்பங்கள் நிறைந்த நிஷி கசாய் பகுதியில் குடியிருக்கிறான். “மாமா, சட்டுன்னு கிடைக்கும், விலையும் கம்மி, நல்ல எறச்சி” என்றான். இந்த மூன்றும் ஒரே கடையில் சேர்ந்து இருந்ததை நான் எங்கள் ஊரில் மட்டும்தான் கண்டிருக்கிறேன். அதனால் சந்தேகத்தோடுதான் கிளம்பினேன்.

கடைக்குள் நாற்காலி இல்லை. மார்பளவு மேசைகள், அவற்றைச் சுற்றி அலுவலக உடையில் நிற்கும் மனிதர்கள். பேச்சில்லை, சிரிப்பில்லை; மெல்லும் சத்தம் மட்டும். ஒரு மூலையில் இறைச்சி வெட்டுபவர் பெரிய துண்டத்தின் மேல் கத்தியை வைத்து, நம் முகத்தைப் பார்க்கிறார். “எத்தனை கிராம் வேணும், மாமா?” என்று மருமகன் மொழிபெயர்த்தான். முந்நூறு கிராம் வழக்கமாம்.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது ஒரு கிலோ எறச்சி வாங்குவோம். அதில் ஆறு பேர் உண்டு, சொல்லாமல் வரும் விருந்தாளிக்குப் பரிமாறி, சட்டியை வழித்துச் சோற்றைப் பிரட்டி ராத்திரியும் ஒப்பேற்றுவோம். அந்தக் கணக்கில் முந்நூறு கிராம் என்பது ஒரு ஆளுக்கு அல்ல, ஒரு குடும்பத்துக்கு. “எலும்பு சேத்தா, கழிச்சா?” என்று கேட்டேன். மருமகன் அதை மொழிபெயர்க்க மறுத்துவிட்டான்.

இந்த வகைக் கடையை ஊர் ஊராகப் பரப்பியவர் இச்சினோசே குனியோ. சமையல்காரராக இருந்து முதலாளியானவர். 1994இல் ‘பெப்பர் லஞ்ச்’ தொடங்கினார். 260 டிகிரிக்குச் சூடேற்றிய இரும்புத் தட்டில் பச்சை இறைச்சியை வைத்துக் கொடுத்துவிடுவார்கள். பிரட்டி வேகவைத்துக்கொள்வது வாடிக்கையாளர் பொறுப்பு. சமையல்காரர் சம்பளம் மிச்சமானது. 2013 டிசம்பரில் டோக்கியோவின் பணக்காரக் கடைத்தெருவான கின்சாவில் ‘இக்கினாரி ஸ்டேக்’ திறந்தார். இம்முறை நாற்காலியும் மிச்சம். கணக்கு எளிது: இறைச்சிக்கு நிறையச் செலவழி, விலையைக் குறை, வந்தவன் கால் வலித்துச் சீக்கிரம் கிளம்பட்டும், அந்த இடத்தில் அடுத்தவன் நிற்கட்டும்.

இதைக் கண்டுபிடிக்க இவ்வளவு மெனக்கெட்டிருக்க வேண்டியதில்லை. கோட்டாறு பொரோட்டாக் கடைகளில் நாற்காலி உண்டு. ஆனால் நாம் உட்கார்ந்த நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி அடுத்த ஆள் நிற்பார். நம் இலையில் எத்தனை துண்டு மிச்சம் என்று நம்மைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பார்வைக்கு முன்னால் எந்த ஜப்பானியனும் நம் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது.

இரும்புத் தட்டு வந்தது. சோளமணிகள், உருகும் வெண்ணெய், மேலே பூண்டு. சத்தமும் புகையும் பிரமாதம். சட்டையைக் காப்பாற்றக் கழுத்தில் கட்டிக்கொள்ள ஒரு தாளும் தந்தார்கள்; எண்ணெய் அந்தத் தாளைச் சுற்றிக்கொண்டு போய்ச் சட்டைக் கையில் தெறித்தது. துண்டை வெட்டினேன். உள்ளே செக்கச் சிவப்பு. “மக்ளே, இது இன்னும் சந்தையிலதாம்டே நிக்குது” என்றேன். அப்படித்தான் சாப்பிட வேண்டுமாம். கடைக்காரர்களே அதைத்தான் பரிந்துரைக்கிறார்களாம். நான் துண்டுகளை மெல்லிசாக நறுக்கித் தட்டில் அழுத்தி, ஓரம் கருகும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்றவர் என்னை ஒரு குற்றவாளியைப் பார்ப்பது போலப் பார்த்தார். இரண்டு கால்களும் கடுத்தன. ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும்: அத்தனை மெதுவான இறைச்சியை நான் அதுவரை தின்றதில்லை. பல் இல்லாதவரும் ஒரு கை பார்க்கலாம்.

ஜப்பானியர்களுக்கு மாட்டிறைச்சியே புதுப் பழக்கம் என்பது வேடிக்கை. 675இல் பேரரசர் தென்மு மாட்டிறைச்சிக்குத் தடை போட்டார். 1872இல் பேரரசர் மெய்ஜி மாட்டிறைச்சி சாப்பிட்டார் என்பது நாட்டுக்கே செய்தியானது. அதன்பின் அவர்கள் நேரத்தை வீணாக்கவில்லை. 1899இல் டோக்கியோ நிஹொன்பாஷி மீன்சந்தையில் யோஷினோயா என்ற கடை வந்தது. சோற்றின் மேல் மெல்லிய மாட்டிறைச்சி. சந்தை ஆட்கள் அள்ளிப் போட்டுக்கொண்டு வேலைக்கு ஓடுவார்கள். அந்தப் பெயர் இன்று நாடு முழுக்கப் பரவியிருக்கிறது.

துரிதச் சாப்பாடு பிறப்பது சந்தையில்தான். கோட்டாறு கம்போளத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். அரிசியும் உப்பும் கொப்பரையும் ஏறி இறங்கிய தெருக்கள் அவை. மூட்டை சுமப்பவருக்கும் வண்டிக்காரருக்கும் விருந்துக்கு நேரம் கிடையாது, பசியோ மலையளவு. கல்லிலிருந்து இறங்கிய பொரோட்டா, மேலே இரண்டு கரண்டி சால்னா, ஓரமாகத் தேங்காய்க் கொத்து போட்ட மாட்டிறைச்சி ரோஸ்ட்டு. உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் இலை வந்துவிடும்.

ஆனால் இரண்டு ஊர் வேகமும் ஒன்றல்ல. அங்கே தட்டில் விழுவது தானியம் தின்று, வேலை செய்யாமல் கொழுத்த மாடு. அதன் பொறுமையைத்தான் நாம் இரண்டு நிமிடத்தில் தின்கிறோம். இங்கே நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் உழுது, கறந்து, ஓய்வுபெற்ற உருப்படி. அதை இரும்புத் தட்டில் இரண்டு நிமிடம் காட்டினால் தட்டுதான் வெந்துபோகும். ஆகவே கடைக்கார அண்ணாச்சி மத்தியானமே அடுப்பு மூட்டுகிறார். மல்லியும் நல்லமிளகும் பெருஞ்சீரகமும் வறுத்துப் பொடித்து, இறைச்சியை அதன் தண்ணீரிலேயே வேகவிட்டு, சின்ன உள்ளியும் தேங்காய்க் கொத்தும் சேர்த்து, கறுத்துத் திரளும்வரை கிண்டுகிறார். டோக்கியோவில் மாடு காத்திருந்தது. கோட்டாறில் மனுஷன் காத்திருக்கிறான். சட்டென்று கிடைக்கும் இறைச்சிக்குப் பின்னால் யாராவது ஒருத்தர் நிதானமாக இருந்தே ஆக வேண்டும்.

இச்சினோசேயின் இக்கினாரி ஸ்டேக் கடைகள் 2019 வாக்கில் ஐந்நூறை நெருங்கின. 2017இல் நியூயார்க்குக்கும் போனார். அமெரிக்கர்கள் உட்கார இடம் கேட்டார்கள், நாற்காலி போடப்பட்டது. இருந்தும் 2019இல் அங்கே பெரும்பாலான கடைகள் மூடப்பட்டன. பாட்டியின் கட்சிக்கு அமெரிக்காவில் கிளை இருந்தது எனக்கு அதுவரை தெரியாது.

வாடிக்கையாளரைப் பிடித்துவைக்க ஒரு அட்டையும் கொடுத்தார். தின்ற கிராமெல்லாம் அதில் ஏறியது. தொடக்கத்தில் மூன்று கிலோ தின்றால் தங்கம், இருபது கிலோவுக்குப் பிளாட்டினம், நூறு கிலோவுக்கு வைரம். இந்த அட்டையைக் கோட்டாறில் கொடுத்திருந்தால் எங்கள் ஆட்டோ ஸ்டாண்டில் பாதிப்பேர் இன்று வைர வியாபாரிகள்.

2019 டிசம்பரில் கூட்டம் குறைந்தபோது இச்சினோசே கடை வாசல்களில் ஒரு கடிதம் ஒட்டினார்: இப்படியே போனால் உங்கள் பக்கத்துக் கடையை மூட வேண்டியிருக்கும், தயவுசெய்து வாருங்கள் என்று. ஊரே அதைப் பேசிச் சிரித்தது. 2022இல் அவர் பதவி விலகினார். எங்கள் அண்ணாச்சி கடிதம் எழுதமாட்டார். ரோட்டில் போகிறவனைப் பார்த்து, “என்னவே, நாலு நாளா ஆளக் காணல? வேற கடையில கணக்கு வச்சிருக்கீரோ?” என்பார். மானமுள்ளவன் அன்று ராத்திரியே போய்விடுவான்.

டோக்கியோ போனால் அந்தக் கடையில் சாப்பிடுங்கள். மதியம் போனால் விலை குறைவு. கறுப்புச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், கால்வலிக்காரர்கள் நாற்காலி உள்ள கிளையாகக் கேட்டுப் போங்கள். கோட்டாறு வந்தால் சவேரியார் கோவில் பக்கம் இறங்கி யாரிடம் கேட்டாலும் அண்ணாச்சி கடையைக் காட்டுவார்கள். இருட்டியதும் போய்விடுங்கள்; ஒன்பது மணிக்கு மேல் பொரோட்டா இருக்கும், ரோஸ்ட்டு இருக்காது.